நாலு கைத் துண்டு

2022 அக்டோபர் 16, ஞாயிற்றுக்கிழமை, முற்பகல் பதினொன்று இருபது. வேளிமலைப் பக்கம் வானம் இருண்டு கிடந்தது. ஆனாலும் ஒரு துளி விழவில்லை, காற்றும் இல்லை. எங்கள் சபையின் அறுப்புப் பண்டிகை ஏலத்தில் அந்த நிமிடத்தில்தான் நான் ஒரு காச்சில் கிழங்கை நாற்பத்தோராயிரத்து ஐநூறு ரூபாய்க்கு எடுத்தேன். கிழங்கு நான்கு கிலோ இருக்கும். மண்கூட முழுதாக உதிரவில்லை. முப்பத்து நான்கு வருடம் பள்ளிக்கூடத்தில் கணக்குச் சொல்லிக்கொடுத்து ஓய்வுபெற்றவன் நான். சந்தையில் அந்தக் கிழங்கு என்ன விலை போகும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஏன் எடுத்தேன் என்று சொல்ல வேண்டுமானால் முதலில் அடுத்த வீட்டில் இருந்த என் சிறுவயதுக் கூட்டாளியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அவனுக்குக் கேட்கத் தெரியும். கூச்சமே இல்லாமல், யாரிடமும், எதையும் கேட்பான். மீன்காரி ஸ்கூட்டரில் போனால் கையைக் காட்டி நிறுத்தி, கூடைக்குப் பின்னால் ஏறிக்கொள்வான். பேருந்தைத் தன் வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்வான், நிறுத்துவார்கள். என் வீடு அதற்கு முந்தின வீடு. நான் நிறுத்தத்திலேயே இறங்கி நடந்து வருவேன். என்னைத் தாண்டிப் போய் அவன் வாசலில் வண்டி நிற்கும், அவன் இறங்குவான், கண்டக்டர் டாட்டா காட்டுவார்.

ஒரு கல்யாணப் பந்தியில் நாங்கள் அடுத்தடுத்து உட்கார்ந்திருந்தோம். அவனுக்கு மறுபக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு மனிதர். அடைப்பிரதமன் பாயசம் வந்தது. அந்த மனிதர் பப்படத்தைத் தொடாமல் வைத்திருந்தார்.

"அது உமக்கு வேண்டாமா? வேண்டாம்னா இஞ்ச தாரும். பிரதமன்ல பொடிச்சுப் போட எனக்கு ஒண்ணு பத்தாது."

எனக்கு இலைக்கடியில் போய்விடலாம் போல இருந்தது. அந்த மனிதர் சிரித்துக்கொண்டே பப்படத்தை எடுத்து அவன் இலையில் வைத்தார். வைத்தது மட்டுமல்ல, பரிமாறுகிறவனைக் கூப்பிட்டு இன்னும் இரண்டு வாங்கிக் கொடுத்தார். கை கழுவும் இடத்தில் இரண்டு பேரும் தோளில் கை போட்டு நிற்கிறார்கள். நான் அந்தக் குடும்பத்துக்கு மொய் எழுதியவன். என்னிடம் யாரும் பேசவில்லை.

"வெக்கமா இல்லியாலே உனக்கு?" என்று வழியில் கேட்டேன்.

"எதுக்குலே வெக்கம்? கேட்டாத்தான மக்கா அவனுக்கும் குடுக்க முடியும்?" என்றான். அவன் அடிக்கடி சொல்வது இது. ஏதோ கேட்பது இவன் செய்கிற உதவி என்பது போலச் சொல்வான்.

நான் யாரிடமும் எதுவும் கேட்டதில்லை. மழை வந்தால் என் குடையில் போவேன். குடை இல்லாவிட்டால் நனைவேன். என்னிடம் வாங்கியவர்கள் உண்டு, அவர்கள் பெயர் எல்லாம் எனக்கு நினைவிருக்கிறது. அவனுக்கோ, யார் என்ன கொடுத்தார்கள் என்பது மறுநாளே மறந்துவிடும். ஆயிரம் கொடுத்தவருக்கும் பத்து கொடுத்தவருக்கும் ஒரே சிரிப்புதான். இதுவும் எனக்குப் பிடிக்காது.

இனி பியானோ விஷயம். சிறுவர்களாக இருக்கும்போது நாங்கள் இருவரும் போதகரின் மனைவியிடம் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பியானோ கற்றோம். நான் இடப்பக்கம், அவன் வலப்பக்கம். இரண்டு பேர் சேர்ந்து ஒரே பியானோவில் வாசிக்கிற துண்டு ஒன்று உண்டு. அவன் மேல்பாதி, அதாவது ராகம் போகிற பக்கம். நான் கீழ்ப்பாதி, தாளம் பிடிக்கிற பக்கம். நாலு கைத் துண்டு என்போம். அதை வாசிக்கும்போது நான் வாய்விட்டு எண்ணுவேன். எண்ணாவிட்டால் அவன் ஓடிவிடுவான்.

பிறகு அவன் கல்ஃப் போனான். கம்பெனியில் குமாஸ்தா வேலை. அங்கே ஒரு கிளப்பில் நல்ல பியானோ இருந்ததாம். வாட்ச்மேனிடம் கேட்டு இருபத்திரண்டு வருடமும் அதில் வாசித்திருக்கிறான். நான் ஊரில் இருந்தேன். நாற்பத்தோரு வருடம் ஞாயிறு தவறாமல் ஆலயப் பியானோவில் ஆராதனைக்கு வாசித்தேன். அவன் திரும்பி வந்த பிறகும் என் பெஞ்சுக்கு அவன் ஆசைப்படவில்லை. ஆராதனை முடிந்து எல்லாரும் எழுந்த பிறகு, "மக்கா, ஒரு அஞ்சு நிமிஷம்" என்று வந்து உட்கார்ந்து ஏதாவது வாசிப்பான். வெளியே போனவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்பி உள்ளே வருவார்கள். நான் வாசிக்கும்போது வெளியே போனவர்கள் அவர்கள்.

அவனுக்கு அறுபத்தொன்பது வயதில், அந்தப் பியானோவில், அந்த ஆலயத்திலேயே ஒரு ஆல்பம் பதிவுசெய்ய வேண்டும் என்று ஆசை வந்தது. பதினொரு துண்டுகள். எல்லாம் ஐரோப்பியப் பெரியவர்கள் எழுதியவை. இவன் அவற்றுக்கு நம் ஊர்ப் பெயர் வைத்திருந்தான். கைகள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடுகிற துண்டுக்கு வடசேரிச் சந்தை. படிப்படியாக ஏறிப்போய் மேலே அமைதியாக நிற்கிறதற்குத் திருவட்டாறு. பதினொன்றாவது, நாலு கைத் துண்டு.

பணம் கிடையாது. பியானோவுக்குச் சுருதி சேர்க்கக் கொச்சியிலிருந்து ஆள் வர வேண்டும். மைக்கும் ஒலிப்பதிவுக்காரரும் திருவனந்தபுரத்திலிருந்து. எல்லாம் சேர்த்து நாலரை லட்சம் என்றார்கள். பெங்களூரில் இருக்கும் அவன் மகள் இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கிக் கொடுத்தாள். பணம் சேரச் சேர அதில் ஒரு பச்சைக் கோடு நீளும். சேராமல் போனால் கொடுத்தவர்களுக்குத் திரும்பிப் போய்விடும். மற்றவர்கள் இதைப் பகிர்ந்துவிட்டு வீட்டில் இருப்பார்கள். இவன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாக, கடை கடையாகக் கேட்கப் போனான்.

தேங்காய் மொத்த வியாபாரி ஒருவர், அய்யாவழிக்காரர், எங்கள் ஆலயப் படியை மிதித்தவர்கூட இல்லை. அவர் ஐயாயிரம் கொடுத்தார். அவரே என்னிடம் சொன்னார்: "அது என்ன சங்கீதமோ எனக்குத் தெரியாது சாரே. அவரு கடையில வந்து இருந்து, ஒரு எளநியும் கேட்டு வாங்கிக் குடிச்சுட்டு, தாரும்னு கேட்டாரு. எப்பிடி இல்லைன்னு சொல்ல?"

பப்படம் கொடுத்த மனிதர் இரண்டாயிரம் கொடுத்தார். மீன்காரி நூறு. பேருந்து கண்டக்டர் இருநூறு. என்னிடம் அவன் கேட்கவில்லை.

தினமும் மாலை என் வீட்டு வராந்தாவில் வந்து உட்கார்ந்து, கோடு எவ்வளவு நீண்டிருக்கிறது என்று காட்டிவிட்டுப் போவான். ஒரு நாள் கேட்பான், மறுநாள் கேட்பான் என்று இருந்தேன். பத்தாயிரம் தருவதாக மனதில் எடுத்தும் வைத்திருந்தேன். முதலில் கொஞ்சம் இழுத்துவிட்டுத் தருவது என்று முடிவு. அவன் கேட்டால்தானே இழுப்பதற்கு?

ஒரு நாள் இரவுச் சாப்பாட்டின்போது என் மனைவி சொன்னாள்: "நானும் ரெண்டாயிரம் குடுத்தேன், கேட்டியளா. சீட்டுப் பணத்துல இருந்து."

"யாருக்கு?"

"ஒங்க கூட்டாளிக்கு. சமையக்கட்டு வாசல்ல வந்து கேட்டாரு. ஒங்ககிட்ட கேக்கலியா?"

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"கேக்கலியோ? நல்லா இருக்கு! ஊருல பூனை நாய் வரைக்கும் கேட்டாச்சு."

அவள் சிரித்தாள். அன்று நான் மோர் ஊற்றிக்கொள்ளவில்லை.

அதைவிடப் பெரிய அடி அடுத்த வாரம் வந்தது. நாலு கைத் துண்டில் கீழ்ப்பாதியை யார் வாசிப்பது என்று நான் யோசித்ததே இல்லை. அதில் யோசிக்க என்ன இருக்கிறது? அவனே, கோட்டைக் காட்டிக்கொண்டிருக்கையில், சாதாரணமாகச் சொன்னான்: "வடசேரியில ஒரு பல் டாக்டரம்மா உண்டு. நல்லா வாசிப்பாவ. கீழ்ப்பாதிக்கு அவியட்ட கேட்டிருக்கேன். சரின்னுட்டாவ."

"கொள்ளாம், நல்லது" என்றேன். வேறு என்ன சொல்வது? அவன் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தான். நான் பேப்பரை எடுத்து விரித்துக்கொண்டேன். அவனும் போய்விட்டான்.

இந்த நிலையில்தான் அறுப்புப் பண்டிகை வந்தது. எங்கள் பக்கத்துச் சபைகளில் அன்றைக்கு வீட்டுக்கு வீடு விளைந்ததைக் கொண்டுவந்து படைப்பார்கள்: ஏத்தன் வாழைக்குலை, மரச்சீனிக் கிழங்கு, தேங்காய், கோழி. ஆராதனை முடிந்ததும் முற்றத்தில் ஏலம். எடுத்தவர் வீட்டுக்குக் கொண்டுபோவதில்லை. "சபைக்கே!" என்று உரக்கச் சொல்லித் திருப்பிக் கொடுப்பதுதான் பெருமை. உடனே அதே குலையை மறுபடி ஏலம் விடுவார்கள். ஒரு ஏத்தங்குலை ஐந்து தடவை விலைபோனதை நான் பார்த்திருக்கிறேன்.

கோட்டில் இன்னும் ஒரு லட்சத்துச் சொச்சம் குறைவாக இருந்தது, பத்து நாள்தான் பாக்கி. அவன் போதகரிடம் போய், ஏலத்தின் கடைசி அரைமணி நேரத்தைத் தனக்குத் தரச் சொல்லிக் கேட்டான். இப்படிக் கேட்க இந்தச் சபையில் யாருக்குத் தோன்றும்? போதகரும் கமிட்டியில் பேசிச் சம்மதித்துவிட்டார். பதினொரு துண்டுகளையும் ஏலம் விடுவது. எடுத்தவர் பெயர் ஆல்பத்தில் அந்தத் துண்டுக்கு நேராக அச்சாகும். ஆனால் ஏலத்தில் தூக்கிக் காட்ட ஒரு பொருள் வேண்டுமே? ஒவ்வொரு காய்கறியிலும் ஒரு துண்டின் பெயரை எழுதிக் கட்டினார்கள். வடசேரிச் சந்தைக்கு ஒரு பூசணிக்காய். திருவட்டாறுக்கு மட்டி வாழைக்குலை. நாலு கைத் துண்டுக்கு, மிச்சம் இருந்தது காச்சில் கிழங்கு.

வழக்கம்போல ஒவ்வொன்றும் எடுக்கப்பட்டு, "சபைக்கே!" என்று திரும்பி, மறுபடி போனது. பெயர் கடைசியாக எடுத்தவருக்கு. கிழங்கு மேலே வந்ததும் நான் கையைத் தூக்கினேன். இதற்கு முன் ஏலத்தில் நான் கை தூக்கியதில்லை. முற்றம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

"சாரு ஆயிரம்! சாரே கேட்டாச்சு வோய்!"

எதிராளி ஷார்ஜாவில் இருந்தான், என் கூட்டாளியின் தங்கை மகன். யாரோ போனை உயர்த்திப் பிடித்திருந்தார்கள். அதில் அந்தப் பையனின் முகம் விரலைக் காட்டிக்கொண்டே இருந்தது. ஐயாயிரம், பத்து, இருபது. ஏலக்காரர் மூச்சு வாங்கினார். முப்பத்தைந்தில் இவன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு என்னருகே வந்தான்.

"போதும் மக்கா. விட்டுரு. அந்தப் பயலுக்கு அங்க சம்பளம் உண்டு, உனக்குப் பென்சன்லா?"

அந்த ஒரு வார்த்தைக்காகவே ஏற்றினேன். போன் நாற்பதாயிரம் சொன்னது. நான் நாற்பத்தோராயிரத்து ஐநூறு. ஷார்ஜாவில் கரண்ட் போனதோ மனம் போனதோ, முகம் அசையாமல் நின்றுவிட்டது. ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்.

"சபைக்கேன்னு சொல்லும் சாரே!" என்று நாலாபக்கமும் சத்தம். கிழங்கை என் கையில் கொடுத்துவிட்டுத் திருப்பி வாங்க ஏலக்காரர் கையை நீட்டிக்கொண்டு நிற்கிறார். திருப்பிக் கொடுத்தால் மறுபடி ஏலம். மறுபடி வேறு பெயர். நான் கிழங்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி நடந்தேன். வாசல் வரை யாரும் பேசவில்லை. அதற்குப் பிறகு பேசியதெல்லாம் என் மனைவி காதால் கேட்டு வந்து சொன்னாள்.

அந்த ஏலத்தோடு பச்சைக் கோடு நிறைந்தது, எனக்குப் பெயரும் கிடைத்துவிட்டது. வீட்டில் கிழங்கைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தபோதுதான், எனக்கு வேண்டியது பெயர் இல்லை என்று தெரிந்தது. எனக்கு வேண்டியது அந்தப் பெஞ்சின் இடப்பக்கம். அது பல் டாக்டரிடம் இருந்தது.

அவரிடமே கேட்டுவிடுவது என்று வடசேரிக்குப் போனேன். டோக்கன் வாங்கிக் காத்திருந்து உள்ளே போனால், நாற்பது வயது மதிக்கத்தக்க அம்மாள், முகத்தில் மாஸ்க், கையில் விளக்கு.

"எந்தப் பல் சார்?"

கீழ்வரிசையில் ஒரு பல்லைத் தொட்டுக் காட்டினேன். தட்டிப் பார்த்தார், எக்ஸ்ரே எடுத்தார். கர்த்தருடைய செயல், அது உண்மையிலேயே சொத்தையாக இருந்தது. "ரூட் கேனல் பண்ணிரலாம் சார். மூணு சிட்டிங்" என்றார். பண்ணிரலாம் என்றேன்.

இரண்டாவது தடவை கேட்டுவிடுவது என்று போனேன். ஊசி போட்டு உதடு மரத்துவிட்டது. கேட்டேன், அது எச்சிலாக வழிந்தது. "பேசாதீங்க சார்" என்றார். பின்னால் ஒரு சின்ன ஸ்பீக்கரில் பியானோ மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது. அவர் கால் அதற்குத் தாளம் போட்டது. அரைக்கால் மாத்திரை பிந்திப் போட்டது என்று எனக்குத் தோன்றியது. அது பொறாமையாகவும் இருக்கலாம்.

மூன்றாவது தடவை பல்லுக்கு உறை மாட்டி, கண்ணாடி காட்டி, மொத்தம் ஏழாயிரத்து ஐநூறு என்றார். நான் எழுந்திருக்கவில்லை.

"டாக்டர், ஒண்ணு கேக்கணும்."

"ஐநூறு குறைச்சுக்கோங்க சார், பரவாயில்ல."

"அதில்ல. பியானோ. நாலு கைத் துண்டு. அதுல கீழ்ப்பாதி... அதை எனக்குத் தருவீங்களா?"

எழுபத்திரண்டு வயதில் நான் பிறரிடம் கேட்ட முதல் பொருள் அது. அவர் மாஸ்க்கைக் கழற்றினார்.

"நீங்கதானா அந்த சார்? இதையா மூணு தடவையா வாய்க்குள்ள வச்சிருந்தீங்க?" அவருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அண்ணாச்சி என்கிட்ட கேக்கும்போதே சொல்லிட்டார் சார். இது ஒருத்தரோட இடம், அவர் வந்து கேட்டா எழுந்துக்கணும், சம்மதமான்னு. நானும் தினம் பாத்துட்டு இருந்தேன்."

குறைத்த ஐநூறையும் வாங்கிக்கொண்டு நேரே அவன் வீட்டுக்குப் போனேன். முற்றத்தில் நல்லமிளகு காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"ஏம்லே என்கிட்ட கேக்கல?"

"உங்கிட்ட கேட்டா நீ தருவே மக்கா. தந்துட்டுச் சாவுற வரைக்கும் எண்ணிட்டே இருப்பே. அதான், ஒரு தடவை நீ கேக்கட்டும்னு இருந்தேன்."

"அப்போ ஏலத்துலயே சொல்லியிருக்கலாம்லா? நாப்பத்தோராயிரத்து ஐநூறு ரூவாலே!"

"ஏலத்துல நீ எங்க கேட்டே? விலைக்குல்லா எடுத்தே."

உறை போட்ட பல்லை நாக்கால் தடவிக்கொண்டு நின்றேன்.

பதிவு நடந்தது பிப்ரவரியில், மூன்று நாள், மதியம் ஒன்றரையிலிருந்து மூன்றரை வரை. மின்விசிறிகளை நிறுத்திவிட்டார்கள், வேர்வை மணிக்கட்டில் இறங்கியது. ஆனால் நான் சொல்ல வந்தது ஊரைப் பற்றி. கோயில் கொடை விழாவுக்கு மைக் கட்டியிருந்தவர்கள் அந்த இரண்டு மணி நேரம் பாட்டுப் போடவில்லை. ரப்பர் ஷீட் அடிக்கிற மிஷின் நின்றது. பேருந்து எங்கள் வளைவில் ஹாரன் அடிக்கவில்லை. எல்லாரிடமும் போய் அவன் கேட்டிருந்தான். ஒரு ஊரையே வாய் மூடவைத்து, அது போதாதென்று அதற்குச் சந்தோஷப்படவும் வைத்திருந்தான். என் வகுப்பில் நாற்பது பிள்ளைகளைப் பேசாமல் இருக்கவைக்க எனக்குப் பிரம்பு வேண்டியிருந்தது.

கடைசி நாள் நாலு கைத் துண்டு. நான் இடப்பக்கம். பெஞ்சு பழையதைவிடக் குறுகலாக இருந்தது, அல்லது நாங்கள் அகலமாகியிருந்தோம். வாசித்து முடித்ததும் ஒலிப்பதிவுக்காரர் காதிலிருந்து கருவியைக் கழற்றிவிட்டு, "யாரோ எண்ணுற சத்தம் விழுது. இன்னொரு தடவை எடுப்போமா?" என்றார்.

"வேண்டாம் தம்பி, கெடக்கட்டும்" என்றான் இவன். "எண்ணாம வாசிச்சா அது இவனே இல்ல."

ஆல்பத்தைக் கேட்டவர்கள் திருவட்டாறைப் பற்றிப் பேசுகிறார்கள், வடசேரிச் சந்தையைப் பற்றிப் பேசுகிறார்கள். எல்லாம் அவன் விரல். நாலு கைத் துண்டைப் பற்றி இதுவரை என் மனைவி மட்டும் பேசியிருக்கிறாள், தூங்கிவிட்டதாகச் சொன்னாள். ஆனால் காதில் மாட்டிக் கேட்டால், அடியில், ஒண்ணு ரெண்டு மூணு என்று சன்னமாக ஒரு குரல் இருக்கும். அந்த ஆல்பத்தில் மனிதக் குரல் என்று இருப்பது என்னுடையது ஒன்றுதான்.

அந்த வருடமே மகள் அவனைப் பெங்களூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். சர்க்கரையும் ஏறியிருந்தது, ஒரு கண்ணும் மங்கியிருந்தது. வழியனுப்ப நான் வடசேரிப் பேருந்து நிலையம்வரை போனேன். மகள் பெட்டியை ஏற்றப் போயிருந்தாள். அவன் தூணைப் பிடித்துக்கொண்டு நின்று, என் பக்கம் கையை நீட்டினான். ஊரில் எல்லாருக்கும் நீட்டிய அதே உள்ளங்கை.

"மக்கா, ஒரு சாயா வாங்கித் தாயேன்."

நான் கடைக்கு ஓடினேன் என்றுதான் சொல்ல வேண்டும். சர்க்கரை இல்லாமல் ஒன்று, எனக்கு ஒன்று. அவன் ஊதி ஊதிக் குடித்தான். கிளாஸைத் திருப்பிக் கொடுக்கும்போது நன்றி ஒன்றும் சொல்லவில்லை. மீன்காரிக்குச் சிரிக்கிற அதே சிரிப்பு.

போன வாரம் போனில் பேசினான். அவர்கள் குடியிருப்பில் ஒரு மண்டபம் இருக்கிறதாம், அதில் பூட்டிக் கிடக்கிற ஒரு பியானோ. வாட்ச்மேனிடம் சாவி கேட்டு வாங்கிவிட்டானாம். அடுத்த வீட்டுக்காரர் ஒருவர், ஓய்வுபெற்ற என்ஜினியர், கொஞ்சம் வாசிப்பாராம். கீழ்ப்பாதிக்கு அவரிடம் கேட்டுப் பார்க்கப் போகிறானாம். "கொள்ளாம்" என்று சொல்லிவிட்டு வைத்தேன். அந்த என்ஜினியர் எண்ணுவாரா என்று கேட்டிருக்க வேண்டும்.

ஏலம் நாற்பத்தோராயிரத்து ஐநூறு. கிழங்கை நாங்கள் மூன்று நாள் அவித்துத் தின்றோம், அதைக் கழிக்கவில்லை. பல் ஏழாயிரம். வடசேரிக்கு மூன்று தடவை போக வர, ஒரு தடவைக்கு முப்பத்தாறு வீதம், நூற்றெட்டு. வழியனுப்பப் போனபோது அவன் மகள் பிடித்த வாடகைக் காரில் போனேன், திரும்பும்போது நடந்தேன். சாயா இரண்டு, இருபத்து நான்கு. ஆக மொத்தம் நாற்பத்தெட்டாயிரத்து அறுநூற்று முப்பத்திரண்டு ரூபாய். அதில் அவன் வாய்திறந்து என்னிடம் கேட்டு வாங்கியது பன்னிரண்டு.